குட்டி ஸ்லாட்டின் சுவர்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் மதர்போர்டில் ஒரு குட்டி ஸ்லாட் இருந்தது. கார்டு செருகுவதற்கான இடம்தான். ஆனால் எட்டு வருஷமாகத் தூசியைத் தவிர வேறு யாரும் அதில் வந்து உட்காரவில்லை.

ஒருநாள் மெக்கானிக் ஷமீனா, திரையில் படம் வரவைக்கும் நீளமான கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று கம்ப்யூட்டர்களில் பொருந்தாமல் திரும்பிய கார்டு அது. இங்கேயும் ஸ்லாட்டின் கடைசிச் சுவர் இடித்தது.

"அவ்வளவுதான். இனி எனக்குக் குப்பைத்தொட்டிதான்," என்றது கார்டு.

ஷமீனா யோசித்தாள். மெல்லிய பிளேடு ஒன்றைச் சூடாக்கினாள்.

"ஐயோ, உன் சுவரை வெட்டப் போறா! வலிக்குமே!" என்று கார்டு பதறியது.

"வலிக்கும்தான். நீ வந்து உட்காரு," என்றது ஸ்லாட்.

சுவர் போனது. கார்டின் விளிம்பில் வரிசையாக இருந்த உலோகப் பற்களில் பாதி ஸ்லாட்டுக்குள், மீதி அந்தரத்தில். கறுத்துக் கிடந்த திரையில் மெதுவாகப் படம் வந்தது.

"என்னால இந்த வேகம்தான் முடியும்," என்றது ஸ்லாட்.

"இதுவே எனக்குப் பெருசு," என்றது கார்டு.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கார்டு புது மதர்போர்டுக்குப் போனது. நீள ஸ்லாட், எல்லாப் பற்களும் உள்ளே, முழு வேகம். ஆனாலும் தினமும் ஆன் ஆனதும், "குட்டி, நீ நல்லா இருக்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

நீள ஸ்லாட்டுக்குக் கோபம் வந்தது. "முழு இடம் கொடுத்தது நான். நன்றி மட்டும் அதுக்கா?"

"உனக்கும் நன்றி," என்றது கார்டு. "உங்கிட்ட இடம் இருந்துச்சு, கொடுத்தே. அதுகிட்ட இடமே இல்ல."