வெள்ளையடித்த சுவர்

சுகாதார ஆய்வாளர் தடியால் சுவரைத் தட்டிய 'டொக், டொக்' ஓசை வீடெங்கும் கேட்டது.

வீட்டுக்காரர் முந்தின நாள்தான் அதற்கு வெள்ளையடித்திருந்தார். உள்ளே ஈரம் ஊறிக் கிடந்தது. குடியிருந்த பவுனம்மாவின் கைக்குழந்தை அந்தச் சுவரோரம்தான் தூங்கும்.

"அவர் தட்டும்போது கொஞ்சம் காரையை உதிர்த்துக் காட்டு, அக்கா" என்றது சுவரில் வசித்த பல்லி.

"போடி! புதுச்சேலை கட்டின அன்றைக்கா புண்ணைக் காட்டுவார்கள்?" என்று சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பல்லி தானே கத்தியது: "இது இடிந்துவிடும், ஐயா! பழுதுபார்க்கச் சொல்லுங்கள்!"

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "கிழக்கே பல்லி சொல்கிறது. நல்ல சகுனம்" என்றபடி, குடியிருக்கத் தகுந்த வீடு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஐப்பசி மழையில், பவுனம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, சுவர் விழுந்தது.

அவள் இப்போது வேறு தெருவில் தனியாக வசிக்கிறாள்.