தூத்துக்குடியில் பார்க்க வேண்டிய இடங்கள்

கார் ஸ்டார்ட் ஆன பிறகும் அறிவுச்செல்வி ஜன்னலை விடவில்லை.

“இன்னைக்குச் சாயங்காலம் முத்துநகர் பீச்சு. அஞ்சு மணிக்கு மேல போங்க, அப்பத்தான் பசங்க நெறைய வருவாங்க. முயல் தீவு நாளைக்கு. வெயில் ஏறறதுக்குள்ள போயிருங்க.”

கூட்டம் இல்லாத நேரத்தைத்தானே எல்லாரும் சொல்வார்கள் என்று ஸ்ரீதேவிக்குத் தோன்றியது. ஆனாலும் தலையாட்டினாள்.

அவர்கள் சங்ககிரிக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் கணவன் ஆனந்தகுமாருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. கோடை விடுமுறைக்கு ஏற்காடு போவதாகத்தான் இருந்தார்கள். எதிர்வீட்டு அறிவுச்செல்விதான் மாற்றினாள்.

“ஏற்காடு எங்க போயிருது? நெனச்சாப் போலாம். நீ கப்பலப் பாத்திருக்கறயா சாமி?”

அவர்களின் ஏழு வயது மகன் கவினிடம்தான் கேட்டாள். அதற்குப் பிறகு அவன் ஏற்காட்டின் பேச்சையே எடுக்க விடவில்லை.

அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. எந்த ராட்டினக்காரன் மெதுவாகச் சுற்றுவான், ஊஞ்சல் எந்தப் பக்கம், கப்பல் பார்க்க எங்கே நிற்க வேண்டும், பல்லில் ஒட்டாத மக்ரூன் எந்தத் தெருவில் கிடைக்கும்.

பிள்ளை இல்லாத வீட்டில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஸ்ரீதேவி ஒருநாள் கணவனிடம் கேட்டாள். அவள் புருசன் சண்முகவேல் தூத்துக்குடி லைனில் லாரி ஓட்டியவர், கூடப் போய் வந்திருப்பாள் என்றான் அவன்.

இன்று விடியும் முன்பே அறிவுச்செல்வி எழுந்து இவர்களுக்குப் புளிச்சோறு கிளறிக் கட்டிக் கொடுத்திருந்தாள். சண்முகவேல் தன் வீட்டுக் கேட்டைப் பிடித்தபடி தள்ளியே நின்றார்.

“நீங்களும் வாங்கக்கா. பின்னாடி சீட்டு சும்மாத்தான கெடக்குது,” என்றாள் ஸ்ரீதேவி.

அறிவுச்செல்வி ஒருமுறை புருசன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு உட மாட்டாரு. போன வருசம் பீச்சுல ஒரு பையன் கையப் புடிச்சுட்டேன். அவங்கம்மா கத்தி, கூட்டங்கூடி, போலீசே வந்துருச்சு.”

சொல்லிக்கொண்டே செல்போனை ஜன்னலுக்குள் நீட்டினாள். மணலில் உட்கார்ந்திருந்தான் ஒரு சின்னப் பையன். கையில் பாதி தின்ற சோளம்.

“நிலவன். எம் பையன். தொலைஞ்ச அன்னைக்கு எடுத்ததுதான். இதுல நாலு வயசு, இப்பப் பதினொண்ணு. கூட்டத்துல தொலச்சுப்புட்டேன். யாரோ வளத்திட்டிருப்பாங்க. லீவு நாள்ல பீச்சுக்குக் கூட்டிட்டு வராமயா இருப்பாங்க? அந்த வயசுப் பசங்க வந்தா, மொகத்த மட்டுங் கொஞ்சம்…”

ஸ்ரீதேவி தன்னையறியாமல், தன் சீட்டிலேயே ஒட்டி உட்கார்ந்திருந்த கவினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இரு, பெரிய போட்டோ ஊட்டுக்குள்ள இருக்குது. எடுத்தாரேன்.” ஓடினாள்.

அவள் உள்ளே போனதும் சண்முகவேல் வலது காலை இழுத்து இழுத்து வந்தார். ஆனந்தகுமார் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

“தேட வேண்டாந் தம்பி. அவன் இல்லை.”

ஆனந்தகுமார் இஞ்சினை அணைத்தான்.

“ஒரு வாரங்கழிச்சு உப்பளத்துப் பக்கம் கரை ஒதுங்குனான். நாந்தான் அடையாளங்காட்டி வாங்குனேன். இவ அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தா. சொன்னா இவளும் போயிருவாளோன்னு தள்ளிப் போட்டேன். அப்பறஞ் சொல்ல வாயே வரலை.”

அவர் கண் வீட்டு வாசலிலேயே இருந்தது.

“வருசா வருசம் நாந்தான் கூட்டிட்டுப் போவேன். ராட்டினத்துக்கிட்ட அவகூட நின்னு நானும் பசங்க மொகத்தப் பாப்பேன். இவன் இல்லைங்கம்பா. ஆமா, இல்லைம்பேன்.”

ஸ்ரீதேவி கவினின் காதுகளைப் பொத்தினாள். அவன் தலையை உதறினான்.

“அவ சொல்லாத எடம் ஒண்ணு இருக்குது தம்பி. பீச்சுக்குப் போற வழியில மயானம். உள்ள கெணத்துக்குப் பக்கத்துல சின்னக் கல்லு. பேரு எழுதலை. லோடு எறக்குனதும் போயிட்டு வந்துருவேன். சக்கரையில காலு போனதுல இருந்து வண்டியும் இல்லை, போகவும் முடியலை. ஒரு பாக்கெட் பிஸ்கட் வெச்சாப் போதும். கொழந்தையோட போக வேண்டாம். நீங்க மட்டும்…”

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

அறிவுச்செல்வி மூச்சு வாங்க வந்து, பாலித்தீன் உறையில் இருந்த போட்டோவை ஸ்ரீதேவியின் கையில் திணித்தாள்.

“என்னங்க சொல்லிட்டிருந்தீங்க?”

“ரூட்டு,” என்றார் சண்முகவேல். “மதுரையில பைபாஸ்லயே போகச் சொன்னேன்.”

ஸ்ரீதேவியால் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

“பாக்கறோங்க்கா,” என்றான் ஆனந்தகுமார்.

கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அறிவுச்செல்வி கையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“நல்ல புள்ளைங்க. இந்தத் தடவை நிலவன் கெடச்சுருவான், பாருங்க.”

சண்முகவேல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசல்படி ஏறினார்.

“ஆமா,” என்றார்.