கிளீவ்லண்டுக்கு அனுப்புங்க

“அந்த கோவாக்கை இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க? பந்துல வேகமே இல்ல. ஆட்டம் பாதி தாண்டினா ஆளுக்கு நாக்குத் தள்ளிடுது. பேசாம கிளீவ்லண்டுக்கு அனுப்பிடுங்க. அங்கே பாய்ஞ்சு பாய்ஞ்சு பந்து பிடிக்கற நல்ல ஷார்ட்ஸ்டாப் ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான். அவனை வாங்கிப் போடுங்க!”

போனில் வந்த கரகரத்த குரல் ஓய்ந்ததும் ரிக் ஷ்ராடர் மைக்கருகே சிரித்தார்.

“ஏர்ல், நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“நாளைக்கும் சொல்வேன். உங்க டீம்காரங்க காதுல விழற வரைக்கும் சொல்வேன்.”

ஜூலை மாதக் கடைசி வாரம். பேஸ்பால் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ள விதித்திருக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று மில்வாக்கி நகரம் முழுவதும் ரிக்கின் மாலை நேர வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டு ஆலோசனை சொல்லும். ஆனால் ஏர்ல் மாதிரி ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர் யாருமில்லை.

முதலில் நேயர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, “ஏர்ல் சொல்றதுலயும் நியாயம் இருக்கே” என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை டேரன் கோவாக் பந்து வீசி முடித்துவிட்டு மைதானத்திலிருந்து வெளியேறியபோது, சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் பெத் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ரிக், இந்த ஏர்ல் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“பொழுது போகாத கிழவன். விடு.”

“நம்ம ஊர்லதான் வீடுங்கறார். ஆனா கூப்பிடற நம்பர் கிளீவ்லண்ட் நம்பர்.”

ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதுமட்டுமில்ல. பள்ளிக்கூடத்துல ஆடறப்ப கோவாக் தோளை இப்படித் தொங்கப்போட மாட்டான்னு அன்னிக்கு வாய் தவறிச் சொன்னார். பள்ளிக்கூடத்துல ஆடினதை யாரு போய்ப் பார்த்திருப்பா?”

“ஆள் பிடிக்க ஊர் ஊரா சுத்தறவன் பார்த்திருப்பான்! அடப்பாவி… நம்ம ஆளு பேரைக் கெடுத்து, மவுசைக் குறைச்சு, சல்லிசா தூக்கிட்டுப் போகப் பார்க்கறானா?” ரிக்கின் கண்கள் மின்னின. “நாளைக்கு கோவாக்கை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லு. இவனை நேரலையிலயே உரிச்சுத் தொங்கவிடறேன்.”

மறுநாள் கோவாக் வந்தபோதே கொதித்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்ததும் நாற்காலி சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

“என் பொண்டாட்டி மளிகை வாங்கப் போனா, கல்லாவுல நிக்கறவன், ‘எப்போம்மா மூட்டை கட்டறீங்க’ன்னு கேக்கறான். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. யாரு சார் அந்த ஆளு? கையில கிடைச்சான்னா…”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம். கிளீவ்லண்ட் உங்க சொந்த ஊர்தானே? மூணு வருஷம் முன்னாடி அந்த ஊர் டீமும் உங்களைக் கேட்டாங்க. நீங்க இங்க வந்து கையெழுத்துப் போட்டீங்க. அந்தக் கடுப்பா இருக்குமோ?”

கோவாக்கின் தாடை இறுகியது.

“அதுல கடுப்பானவங்க நிறைய பேரு. அந்தப் பேச்சு வேண்டாம்.”

“சரி. நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டுச் சும்மா கேளுங்க. நான் சொல்றப்ப மட்டும் வாயைத் திறந்தா போதும்.”

நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு மூன்று பேர் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பெத் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“வாங்க ஏர்ல்! இன்னிக்கு என்ன சேதி?”

“வேறென்ன? நாளையோட கெடு முடியுது. கோவாக்கைக் குடுத்துடுங்க. ஷார்ட்ஸ்டாப் கிடைக்கலேன்னாலும் பரவாயில்ல. சின்னப் பசங்க ஒண்ணு ரெண்டு பேரை வாங்கிக்குங்க.”

கோவாக்கின் முகம் குப்பென்று சிவந்தது. மேஜைமேல் இருந்த கை முஷ்டியாக மூடிக்கொண்டது. பொறுங்கள் என்று ரிக் சைகை காட்டினார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி.

“என்ன ஏர்ல், திடீர்னு இவ்வளவு இறங்கி வந்துட்டீங்க?”

“சும்மாகூட குடுங்க சார். ஆனா நாளைக்குள்ள குடுத்துடுங்க. காத்திருக்க நேரமில்ல.”

“அப்படி என்ன அவசரம்? நீங்க கிளீவ்லண்ட்லேர்ந்துதானே பேசறீங்க?”

“எங்கேர்ந்து பேசினா என்ன?”

“உங்களை யாரு பேச வைக்கிறாங்க?”

“யாரும் இல்ல. நானாத்தான் பேசறேன்.”

“கோவாக் அங்க வந்தா உங்களுக்கு என்ன லாபம்?”

பதில் இல்லை.

“பார்த்தீங்களா நேயர்களே, வாயே திறக்க முடியல!” ரிக் வெற்றிக் களிப்பில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “ஏர்ல், ஒரு விஷயம் தெரியுமா? டேரன் கோவாக் இதோ என் எதிர்லதான் உக்காந்திருக்கார். நீங்க பேசினது ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டிருக்கார். டேரன், இப்பப் பேசுங்க. இந்த ஆளை நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க!”

கோவாக் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

“அப்பா, என்மேல இருக்கற கோவம் அப்படியே இருக்கட்டும்… அம்மாவுக்கு ரொம்ப முடியலையா?”