நகராத மவுஸ்

"இறந்த தேதி என்ன போடட்டும்?" என்று ஜெப ஷீலா கேட்டாள்.

"சாகல. எங்களுக்குச் செத்துட்டா. இன்னைத் தேதியப் போடு" என்றார் தவசி.

அருப்புக்கோட்டைக்குள் கம்ப்யூட்டர் புதிதாக நுழைந்திருந்த காலம். செல்வதுரையின் டி.டி.பி. சென்டரில் ஷீலாதான் ஆபரேட்டர். மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து தவசியும் அவர் தம்பி மொக்கையனும் வந்திருந்தார்கள். மொக்கையனின் மகள் முனீஸ்வரி வேற்றுச் சாதிப் பையனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாளாம். உயிரோடு இருப்பவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஊர்ச் சுவரில் ஒட்டிவிட்டால் அவள் அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது.

மொக்கையன் மகளின் பள்ளிக்கூட போட்டோவை நீட்டினார். இவனெல்லாம் ஒரு அப்பனா என்று ஷீலா அதை வெடுக்கென வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மவுஸ் நகர மாட்டேங்குது. நேத்துப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டதுல இருந்தே மக்கர் பண்ணுது."

செல்வதுரைக்குக் கம்ப்யூட்டரை ஜெபம் பண்ணித் திறந்துவைக்கத் தெரியும், அதற்குமேல் தெரியாது. ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். அணைத்துப் போடச் சொன்னார். ஷீலா எல்லாம் செய்தாள். மவுஸைக் கவிழ்த்து, அடியில் உருளும் ரப்பர் குண்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து மூடினாள். திரையில் அம்பு அசையவே இல்லை.

மவுஸ் இல்லாமல் போட்டோவை வைக்க முடியாது, சிஸ்டம் போட்ட ஆள் மதுரையிலிருந்து வந்தால்தான் உண்டு என்றாள். வந்தவர்கள் முன்னாலேயே முதலாளி அவளைத் திட்டித் தீர்த்தார். இப்படியே போனால் வேலைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தவசிக்குப் பொறுக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடை இருக்கு. எந்திரிலே."

"இங்கதான் அடிக்கணும். உக்காருங்கண்ணே" என்றார் மொக்கையன்.

என்ன பிடிவாதம் பிடித்த மனுசன் என்று ஷீலா நினைத்துக்கொண்டாள். உச்சி வெயில் இறங்கியும் அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. மேஜைமேல் போட்டோவில் ரெட்டை ஜடையோடு முனீஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள்.

அதிலிருந்து ரப்பர் குண்டு கீழே விழுந்து, உருண்டுபோய் மொக்கையனின் காலடியில் நின்றது.

ஷீலாவுக்கு உயிரே போய்விட்டது. மொக்கையன் குண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

வாசலில் நின்ற தவசி திரும்பினார். "என்னலே சத்தம்?"

மொக்கையன் குண்டின்மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்கு இது சரியாகாது போல. அந்த ஆளு வரட்டும், பாப்பம்."

அண்ணன் முணுமுணுத்தபடி தெருவில் இறங்கியதும் குனிந்து குண்டை எடுத்தார். வேட்டி மடியில் முடிந்துகொண்டு, மெதுவாக ஷீலாவிடம் கேட்டார்.

"இது இல்லாட்டி ஓடாதுல்ல தாயி?"