அழைப்பில் ஏழு தவறுகள்

புனேயின் வாகட் பகுதியில், எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவுக்கு அருகே முகுந்த் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. அவன் அம்மா சியாமளாவின் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கான அழைப்பு. புனேயிலேயே பிறந்து படித்தவன். தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் கோணலாக நிற்கின்றன. மூன்றாம் மாடி வாசுதேவன் சார் சிவப்புப் பேனாவால் அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார். இடது கையில் தொங்கும் பால் பாக்கெட்டிலிருந்து தரையில் நீர் சொட்டுகிறது. "பெத்தவ பேரையே தப்பா எழுதியிருக்கான் பாரும்மா! சியாமலாவாம், சியாமலா!" என்று என்னிடம் சிரிக்கிறார். நேற்று நானும் எண்ணினேன், ஐந்து தவறுகள். அவர் ஏழு பிடித்திருக்கிறார். நானும் சிரிக்கிறேன். அப்போது லிஃப்ட் திறக்கிறது. மழித்த தலையோடு முகுந்த் வெளியே வந்து, சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான்.

"பேனாவக் குடுங்க அங்கிள். ஒண்ணு விட்டுட்டீங்க."

கடைசி வரியில் 'அனைவரும் வரவும்' என்று இருக்கிறது. 'அனைவரும்' என்பதன் மேல் பேனாவை அழுத்திக் கோடு இழுக்கிறான். தாள் கிழிகிறது.

"நீங்க வராதீங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புகிறான். என் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

"நீங்களும்."