அஞ்சலையின் வலக்கை

தோட்டத்தில் ரப்பர் பால் வாளியோடு சறுக்கி விழுந்ததிலிருந்து அஞ்சலையால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மூன்று மாதமாகப் புருஷன் சடையன்தான் அவளுக்குத் தலை சீவிக் கொண்டை போட்டுவிடுகிறான். ஆனால் பத்து நாளாக, கையைத் தூக்கிப் பழகச் சொல்லி விரட்டுகிறான்.

"பலகைச் செவுத்துல விரல ஊனி, மெதுவா மேல ஏத்து புள்ள."

"உசிரு போவுதுங்க. நாளைக்குப் பாக்கலாமே."

"இன்னிக்கே ஏறணும்."

இவருக்குத் தலை சீவிவிட அலுத்துப்போச்சோ? அழுகையை விழுங்கிக்கொண்டு ஏற்றினாள். விரல் தலைக்கு மேலே ஏறி, அப்படியே இறங்கி உச்சந்தலையைத் தொட்டது. தட்டுத்தடுமாறித் தானே கொண்டை முடிந்தாள்.

சடையனின் கண்கள் கலங்கின.

"போதும் புள்ள. சயாம் காட்டுல ரயில் பாதை போடுற வேலைக்கு ஜப்பான்காரன் என் பேரையும் எழுதிட்டான். கங்காணி பத்து நாளைக்கு முன்னயே சொல்லிட்டாரு. நாளைக்குக் காலையில தம்பின் டேசனுக்கு லோரியில ஏத்துறாங்க."

அஞ்சலை இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.