எழுப்பாமல்

முதல் விளக்கு எரிந்தது.

அவன் க்ளட்ச்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தான்.

பக்கத்துத் தடத்தில் நண்பன் லோகு. அதே வண்டி, நிறம் மட்டும் வேறு. கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம். ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓட்ட வேண்டும் என்பது இவர்கள் பிரிவின் விதி. டர்போ உண்டு. ஆனால் இழுப்பது முன்சக்கரம்.

முன்சக்கர வண்டியை அதட்டக் கூடாது. அதட்டினால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகிவிடும். டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கிளப்பும். பார்க்க வீரமாக இருக்கும். வண்டிதான் கிளம்பாது.

மூன்று வருடமாக அவன் அப்படித்தான் வீரனாக இருந்தான்.

பிறகு மகள் பிறந்தாள்.

தொட்டில், தோள், தாலாட்டு எதுவும் அவளிடம் எடுபடவில்லை. காரில்தான் தூங்குவாள். இஞ்சினை அணைத்தால் கண்ணைத் திறந்துவிடுவாள். சிக்னலுக்குச் சிக்னல், வேகத்தடைக்கு வேகத்தடை, அவளை எழுப்பாமல் வண்டியை எடுத்து எடுத்து அவனுடைய இடது கால் பூனைக்கால் ஆகிவிட்டது.

வாங்கிய புதிதில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சர்வீஸில் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறான். மூன்று சிலிண்டர் வண்டி அப்படித்தான் இருக்கும் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"எம் பொண்ணுக்கு இஞ்சின் சத்தந்தான்டா தாலாட்டு." கோவையில் இதைக் கேட்காதவர்கள் குறைவு.

அவன் மனைவி தாரணி மட்டும் இதற்குச் சிரிப்பதில்லை.

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்கறாளுங்க பாப்பா. குக்கர் விசிலுக்குக்கூட."

"உங்கப்பாவுந்தான் கூப்பிட்டாத் திரும்பறதில்ல. அவரை என்ன பண்ணுனோம்?"

"டாக்டர்கிட்ட ஒருக்காக் காதைக் காட்டிப்போடலாங்க."

"பாத்துக்கலாம் புள்ள."

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதையும் அவன் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் இது சோம்பல் இல்லை. பயம். காட்டினால் தெரிந்துவிடும்.

பந்தயம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற தாரணி, இன்று காலை தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள்.

ஊக்கப்படுத்த வருகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தடத்திலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள் இப்போது. குழந்தையின் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் மூடியிருக்கிறாள்.

பச்சை.

லோகு வீரனானான். புகையில் அவன் வண்டியே தெரியவில்லை.

இவன், மகள் பின்சீட்டில் தூங்குவதாக நினைத்துக்கொண்டான். காலை மெல்ல எடுத்தான். டயர் முனகவில்லை. வண்டி நழுவிக் கிளம்பியது. டர்போ சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. அதற்குப் பிறகுதான் அழுத்தினான்.

கால் மைலும் எதிரே வெறும் தார்.

கோட்டைத் தாண்டி பிரேக் போட்டபோது, சீட்டுக்கடியிலிருந்து ஏதோ கலகலத்து உருண்டு வந்து ஷூவில் முட்டியது. மகளின் கிலுகிலுப்பை. பந்தயத்துக்கு முன் வண்டியைப் பரிசோதித்தவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

மகள் அதைக் கடிப்பாள். ஒருநாளும் ஆட்டியதில்லை.

இந்தச் சுற்றை ஜெயித்தாயிற்று. முதல் முறை. அவன் வண்டியைத் திருப்பி நேராக வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தான். இஞ்சினை அணைக்காமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினான்.

தாரணி அவனைப் பார்க்கவில்லை.

தடத்தில் வேறு பிரிவின் ஜோடி வந்து நின்றது. சைலன்சரைக் கழற்றி எறிந்த வண்டிகள். எல்லோரும் காதில் விரல் வைத்தார்கள்.

தாரணி மகளின் காதுகளிலிருந்து கையை எடுத்தாள்.

பத்து தீபாவளி சேர்ந்தாற்போல் வெடித்தது. மரத்தின் காகங்கள் மொத்தமும் கிளம்பின. டீக்கடை நாய் லாரிக்கடியில் புகுந்தது. எதிர்பார்த்துக்கொண்டே இருந்தும் தாரணிக்குத் தூக்கிப்போட்டது.

மகள் தன் ஃப்ராக்கின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் மடி அதிர்ந்ததும் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ, சிரித்தாள்.

அவன் திரும்பித் தடத்தைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"பாத்தீங்களா," என்றாள் தாரணி.

குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான். கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்து, அவளுடைய இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தான்.

ஸ்டியரிங் நடுங்கியது.

அவளுடைய விரல்கள் விரிந்தன. கவனித்தாள். பிறகு, தெரிந்த ஆளைக் கண்டுவிட்டவள்போல் அவன் நெஞ்சில் சாய்ந்தாள்.

தாரணி வந்து மறுபக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் கண்ணாடி வழியாக எங்கோ பார்த்தபடி கேட்டான்.

"டாக்டரு என்னைக்கு இருப்பாரு?"

"நாளைக்குக் காலைல வரச் சொல்லீட்டாங்க."

எப்போது சொல்லிவைத்தாள் என்று அவன் கேட்கவில்லை.

மகளின் இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

மைக்கில் இறுதிச் சுற்றுக்கு அவன் பெயரை அழைத்தார்கள். மறுபடியும் அழைத்தார்கள். லோகு ஓடிவந்து கார்க் கூரையைத் தட்டினான்.

"டேய், உன்னையத்தான்டா கூப்பிடறாங்க. காது கேக்குலயா?"

அவன் திரும்பவில்லை.